பெட்டி கட்டும் நேரத்து வருத்தம்

கேள்வி: நவம்பர் மத்தியில் கும்பகோணத்திலிருந்து சிங்கப்பூருக்கு மகன் வீட்டுக்கு வந்தேன். டிசம்பர் 30 திரும்புகிறேன். ஆர்ச்சர்ட் ரோடு விளக்கலங்காரம், கரையோரப் பூந்தோட்டம் எல்லாம் காட்டிவிட்டார்கள். குறையே இல்லை. ஆனால் மகனோடு ஒருநாள்கூட உட்கார்ந்து பேசவில்லை. எட்டு வயதுப் பேரன் ஆங்கிலத்திலேயே பதில் சொல்கிறான். அடுப்படியில் மருமகளைக் கேட்காமல் ஒரு டப்பாவைத் தொடத் தயக்கம். விருந்தாளியாகவே இருந்துவிட்டுப் போகிறேனோ என்று மனம் அரிக்கிறது. கிளம்பும் முன் மகனிடம் சொல்லிவிடட்டுமா?
- ஒரு தாய், யீஷூன்

பதில்: சொல்லுங்கள் அம்மா. ஆனால் 29ஆம் தேதி இரவு வேண்டாம். ஒருவர் பெட்டிமேல் உட்கார, இன்னொருவர் ஜிப்பை இழுக்கும் நேரத்தில் ஒன்றரை மாத மனக்குறையை எடுத்து வைத்தால், மகன் காதில் அது புகாராகத்தான் விழும்.

டப்பா விஷயத்தில் நான் மருமகள் பக்கம். கோபித்துக்கொள்ளாதீர்கள். கும்பகோணத்தில் உங்கள் அஞ்சறைப்பெட்டியை யாராவது இடம் மாற்றினால் பொறுப்பீர்களா? காலையில் வேலைக்கு ஓடுகிறவருக்குப் பார்க்காமல் கையை நீட்டினாலும் கடுகு அகப்பட வேண்டும். என் அம்மா ஒருமுறை இங்கே வந்து, என் அலமாரியை அழகாக அடுக்கிவிட்டு ஊருக்குப் போனார். இரண்டு வாரம் பெருங்காயத்தைத் தேடினேன். அரிசி வாளிக்குப் பின்னால் அது கிடைத்த அன்று உட்கார்ந்து அழுதேன் என்பது வேறு கதை.

மகனிடம் அரை நாள் விடுப்பு கேளுங்கள். ஊர் சுற்றிக் காட்ட அல்ல, உங்களோடு தேக்கா சந்தைக்குக் காய்கறி வாங்க வருவதற்கு. எம்ஆர்டி ரயிலில் நியூட்டனில் மாறினால் அடுத்த நிலையம் லிட்டில் இந்தியா, அங்கே இறங்குங்கள். ஞாயிறு வேண்டாம், வாரமெல்லாம் உழைத்த நம் பிள்ளைகள் அன்றைக்குத்தான் அங்கே கூடுவார்கள், நடக்க இடம் இருக்காது. முருங்கைக்காயை முறுக்கிப் பாருங்கள், பையை அவரிடம் கொடுங்கள், வீரமாகாளியம்மனைக் கும்பிட்டுவிட்டு ஒரு கடையில் காப்பி குடியுங்கள். இது வடகிழக்குப் பருவமழைக் காலம், மழை பிடித்துக்கொள்ளும். கடைவாசலில் ஒதுங்கி நிற்க நேர்ந்தால் இன்னும் நல்லது. ‘உன்னோடு பேச வேண்டுமென்று ஆசையாக இருந்ததடா’ என்று அங்கே சொல்லுங்கள். ‘நீ பேசவே இல்லை’ என்று ஆரம்பிக்காதீர்கள். என் தம்பி எங்கள் அம்மாவிடம் மனம்விட்டுப் பேசியதெல்லாம் மீன் வாங்கப் போன வழியில்தான். வீட்டு சோபாவில் ஒரு வார்த்தை வராது.

பேரனைப் பற்றி ஒன்று. ஜனவரித் தொடக்கத்தில் பள்ளி திறந்துவிடும். அவனுக்குத் தமிழ்ப் பாடம் உண்டு அல்லவா? ஊருக்குப் போன பிறகு ‘நேரம் கிடைத்தால் கூப்பிடுங்கள்’ என்று விட்டுவிட்டால் அந்த நேரம் யாருக்கும் கிடைக்காது. இங்கே இரவு 7.30 என்றால் அங்கே மாலை 5 மணி. வாரத்தில் ஒரு நாளைக் குறித்துக்கொண்டு, அவன் தமிழ்ப் புத்தகத்தில் ஒரு பக்கத்தை உங்களுக்கு வாசித்துக் காட்டட்டும். ழகரம் வழுக்கினால் முதல் மாதம் திருத்த வேண்டாம்.

பெட்டியில் இரண்டு கிலோவுக்கு இடம் விட்டு வையுங்கள். டப்பாவைத் தொட நீங்கள் தயங்கிய அதே மருமகள், கிளம்புகிற நேரத்தில் எதையாவது கொண்டுவந்து திணிப்பார்.