தாங்கியவர்களும் கிளம்பியவர்களும் – கடிதம்

வணக்கம் ஐயா,

நான் லாத்வியா தலைநகர் ரீகாவில் மருத்துவம் படிக்கிறேன். நான் குடியிருக்கும் வீட்டுக்காரம்மா ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. 2009 பொருளாதார நெருக்கடி பற்றிப் பேச்செடுத்தாலே கையை உதறிவிட்டு எழுந்து போய்விடுவார். ஒரு நாள் மட்டும் மேசை டிராயரிலிருந்து மீன் போட்ட பழைய ஒரு லாட் காசை (லாட் என்பது யூரோவுக்கு முன்பிருந்த லாத்விய நாணயம்) எடுத்துக் காட்டி, "இதைக் காப்பாத்தத்தான் என் சம்பளத்துல கை வச்சாங்க" என்றார். அவருடைய மகன் அந்த வருடம் அயர்லாந்துக்குப் போனவர். திரும்பி வரவில்லை.

லாத்வியா வயிற்றைக் கட்டிப் பிழைத்த நாடு என்று கட்டுரைகளில் படிக்கிறேன். நாணயத்தின் மதிப்பைக் குறைத்திருந்தால் இத்தனை வலி இருந்திருக்காதே, ஏன் செய்யவில்லை? மக்கள் எப்படிப் பொறுத்துக்கொண்டார்கள்? சம்பளத்தையும் செலவையும் வெட்டிய பிரதமரையே மறுபடியும் தேர்ந்தெடுத்தார்களாமே?

(பெயர் வேண்டாம்)
ரீகா

அன்புள்ள தம்பி,

அந்த அம்மா சொன்ன ஒரு வரியிலேயே பாதி பதில் இருக்கிறது. அந்தச் சால்மன் மீன் காசு 2005 முதல் யூரோவோடு கட்டப்பட்டிருந்தது. ஒரு யூரோவுக்கு 0.702804 லாட். ஆறு தசம இடம் வரை எழுதிவைத்த ஒரு சத்தியம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அதை உடைக்காததற்கு வீம்பும் காரணம்தான். ஆனால் அதைவிடப் பெரிய காரணம் கடன். 2004இல் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்த பிறகு சுவீடன் வங்கிகள் பணத்தை அள்ளி இறைத்தன. வீட்டுக் கடன்களில் பெரும்பகுதி யூரோவில் கொடுக்கப்பட்டது, ஏனென்றால் அதற்கு வட்டி குறைவு. சம்பளம் வருவது லாட்டில், தவணை கட்டுவது யூரோவில். மாதத் தவணை 300 யூரோ என்று வையுங்கள். பழைய கணக்கில் 211 லாட். லாட்டின் மதிப்பை மூன்றில் ஒரு பங்கு இறக்கினால் அதே தவணை ஒரே இரவில் 316 லாட் ஆகிவிடும். சம்பளத்தில் கை வைத்தால் வலிக்கும். காசில் கை வைத்தால் வீடே போகும். இதைக் கடன் வாங்கியவர்கள் எல்லோரும் மனக்கணக்காகவே போட்டுப் பார்த்திருப்பார்கள். சுவீடன் வங்கிகளும் இதே கணக்கைப் போட்டன என்பதை மறந்துவிடக் கூடாது. வாராக்கடன் பெருகினால் அடி அவர்களுக்கும்தான். லாட்டைக் காப்பாற்றியதில் ஸ்டாக்ஹோமுக்கும் லாபம் உண்டு என்பதைப் பல கட்டுரைகள் மெல்லிய குரலில்தான் சொல்கின்றன.

ஆக, காசை விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் வெட்டினார்கள். உள்நாட்டவர் கையிலிருந்த மிகப் பெரிய வங்கியான பரெக்ஸ் 2008 நவம்பரில் அரசின் தலையில் விழுந்தது. அடுத்த மாதம் பன்னாட்டு நிதியமும் (ஐ.எம்.எஃப்.) ஐரோப்பிய ஒன்றியமும் நார்டிக் நாடுகளும் சேர்ந்து 750 கோடி யூரோ கடனுக்கு ஒப்புக்கொண்டன. அந்த நாட்களில்தான் நிதியமைச்சர் அடிஸ் ஸ்லாக்டெரிஸ் என்ன நடந்தது என்று கேட்ட நிருபரிடம் அரைகுறை ஆங்கிலத்தில் 'நத்திங் ஸ்பெஷல்' என்றார். கடுப்பான ஜனங்கள் அதை டி-ஷர்ட்டில் அச்சடித்துப் போட்டுக்கொண்டார்கள். மதிப்புக் கூட்டு வரி 18இலிருந்து 21 விழுக்காடானது. அரசு ஊழியர் சம்பளம் சராசரியாகக் கால்வாசி போனது. ஓய்வூதியத்தில் பத்து விழுக்காடு பிடித்தார்கள். வேலையும் பார்க்கும் முதியவரென்றால் எழுபது விழுக்காடு. இந்த ஓய்வூதிய வெட்டுகளை அரசியல் சாசன நீதிமன்றம் 2009 டிசம்பரில் செல்லாது என்று தள்ளிவிட்டது. 2010 தொடக்கத்தில் ஐந்தில் ஒருவருக்கு வேலை இல்லை. வேலையற்றோருக்கு மாதம் நூறு லாட் கொடுத்து ஊராட்சி வேலைகளில் போட்டார்கள். 'நூறு லாட்காரர்' என்று ஒரு சொல்லே அந்த மொழியில் உண்டானது. வீட்டுக்காரம்மாவிடம் கேட்டுப் பாருங்கள், பூங்காவில் சருகு கூட்டிய யாரையாவது அவருக்குத் தெரிந்திருக்கும்.

மக்கள் பொறுத்துக்கொண்டார்கள் என்பதை நான் முழுதாக ஏற்கமாட்டேன். 2009 ஜனவரி 13 அன்று ரீகாவின் டோம் சதுக்கத்தில் பத்தாயிரம் பேர் கூடினார்கள். கூட்டம் கலைந்தபின் ஒரு பகுதியினர் நாடாளுமன்றச் சன்னல்களை உடைத்தார்கள். அடுத்த மாதமே பிரதமர் கோட்மனிஸ் விலகினார். அவருக்குப் பின் வந்தவர்தான் வால்டிஸ் டொம்ப்ரோவ்ஸ்கிஸ், அப்போது வயது 37. வெட்டெல்லாம் வெட்டிவிட்டு 2010 அக்டோபர் தேர்தலில் அவர் வென்றது உண்மை. ஆனால் எதிரில் நின்றது யார் என்று பாருங்கள். வெட்டுகளை எதிர்த்த பெரிய இடதுசாரி அணி நல்லிணக்க மையம், அது ரஷ்ய மொழி பேசுவோரின் கட்சியாகவே பார்க்கப்பட்டது. சம்பளம் போன லாத்வியக்காரர் கோபத்தில் கூட அந்தப் பக்கம் போகமாட்டார். சோவியத் ஆட்சியின் நினைவு அப்படி. வயிறு ஒரு பக்கம் இழுக்க மொழி மறுபக்கம் இழுத்தது, மொழி ஜெயித்தது. 2011இல் குடியரசுத் தலைவர் வால்டிஸ் ஸாட்லெர்ஸ் நாடாளுமன்றத்தைக் கலைக்கலாமா என்று மக்களையே கேட்டார். வாக்களித்தவர்களில் 94 விழுக்காட்டினர் கலை என்றார்கள். அதன்பின் நடந்த தேர்தலில் நூறு இடங்களில் 31 பெற்று அதே நல்லிணக்க மையம் முதலிடம் பிடித்தது. ஆட்சியில் மட்டும் சேர்த்துக்கொள்ளவில்லை. பிரதமர் மறுபடியும் டொம்ப்ரோவ்ஸ்கிஸ்.

மிச்சக் கோபம் எங்கே போனது? உங்கள் வீட்டுக்காரம்மா மகனோடு விமானம் ஏறிப் போனது. பாஸ்போர்ட்டும் மலிவு விலை டிக்கெட்டும் இருந்தால் டப்ளினில் வேலை. அதற்கு விசா வேண்டாம். 2000ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 23.8 லட்சம் பேர் இருந்த நாட்டில் 2011இல் இருந்தது 20.7 லட்சம். பிறப்பைவிட இறப்பு கூடியதும் இதில் உண்டு, ஆனால் பெரும்பங்கு வெளியேறியவர்கள். வேலையற்றோர் விழுக்காடு இறங்கியதைக் காட்டி மீட்சி என்கிறவர்கள், வரிசையில் நின்றவர்களில் எத்தனை பேர் வேலைக்குப் போனார்கள், எத்தனை பேர் விமான நிலையத்துக்குப் போனார்கள் என்று பிரித்துக் காட்டுவதில்லை. எனக்கு எரிச்சல் அங்கேதான். மற்றபடி லாட்டை உடைத்திருந்தால் எல்லாம் சுகமாகியிருக்கும் என்றும் சொல்லமாட்டேன், மேலே போட்ட தவணைக் கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்கப் பொருளாதார அறிஞர் பால் க்ரூக்மன், டாலரோடு கட்டிய நாணயம் 2002இல் உடைந்த அர்ஜென்டினாவை நினைத்து, 2008 டிசம்பரில் லாத்வியாதான் புது அர்ஜென்டினா என்று எழுதினார். லாட் உடையவில்லை. பன்னாட்டு நிதியத்தின் கடனை 2012லேயே, கெடுவுக்கு முன்பே, அடைத்துவிட்டார்கள். 2014 ஜனவரி 1 அன்று யூரோ வந்தது. அவ்வளவு பாடுபட்டுக் காப்பாற்றிய காசை அவர்களே வழியனுப்பிவைத்தார்கள்.

ஒரு உபரித் தகவல். அந்த மீன் காசை லாத்வியாவின் மத்திய வங்கியில் கொடுத்தால் இன்றும் யூரோவாக மாற்றித் தருவார்கள், கெடு எதுவும் இல்லை. பழைய அதே கணக்குதான், ஒரு லாட்டுக்கு 1 யூரோ 42 சென்ட். வீட்டுக்காரம்மாவுக்கு இது தெரியாமல் இருக்காது.