டாக்டர்கிட்ட கேளுங்க: ஸ்டென்ட் வெச்சவரே பைபாஸும் பண்ணுவாரா?

கேள்வி: வணக்கம் டாக்டர். எங்கப்பாவுக்கு அட்டாக் வந்து போன மாசம் மணிக்கட்டு வழியா ஆஞ்சியோ பண்ணி ஒரு ஸ்டென்ட் வெச்சாங்க. இன்னும் ரெண்டு அடைப்பு இருக்காம், பைபாஸ் தேவைப்பட்டா அதை வேற டாக்டர்தான் பண்ணுவாருன்னு சொல்றாங்க. ஹார்ட் டாக்டர்னா எல்லாம் ஒண்ணுதானே? இவர் போர்டுல டிஎம்னு போட்டிருக்கு, அது என்ன படிப்பு?
- வாசகி, விருதுநகர்

பதில்: ஒண்ணு இல்லம்மா. உங்கப்பாவைப் பாத்தவர் கார்டியாலஜிஸ்ட். எம்பிபிஎஸ் ஹவுஸ் சர்ஜன் வருஷத்தையும் சேத்து அஞ்சரை வருஷம், அப்புறம் எம்டி ஜெனரல் மெடிசின் 3 வருஷம், அதுக்கும் மேல நீட் எஸ்எஸ்ங்கிற நுழைவுத் தேர்வு எழுதி சீட் கிடைச்சா டிஎம், அதாவது இதயத்துக்குன்னே தனியா படிக்கிற உயர்படிப்பு, 3 வருஷம், ஆக எங்கயும் தடங்கல் இல்லாமப் போனாலே பதினொன்றரை வருஷம் ஆயிடும். பைபாஸ் பண்றவர் எம்எஸ் ஜெனரல் சர்ஜரி முடிச்சு எம்சிஎச்ங்கிற இதய ஆபரேஷன் உயர்படிப்பு படிச்ச சர்ஜன், நெஞ்சைத் திறந்து அடைப்பைத் தாண்டி ரத்தம் போக மாத்துவழி போடுறது அவர் வேலை.

கார்டியாலஜிஸ்ட் கத்தியே எடுக்காம ரத்தக்குழாய்க்குள்ளயே போய்ட்டு வர்றவர். கையில மரத்துப்போற ஊசி போட்டு, மெல்லிசா ஒரு டியூப் விட்டு, டைங்கிற சாய மருந்தைச் செலுத்தி எக்ஸ்ரேல அடைப்பைப் பாப்பாரு, தேவைன்னா அதை விரிச்சு ஸ்டென்ட்ங்கிற வலைக் கம்பியை வெப்பாரு. பேஷன்ட் முழிச்சுட்டேதான் இருப்பாரு, "நெஞ்சு பிடிக்குதா?"ன்னு கேட்டுக்கிட்டே வேலை நடக்கும். அந்த நேரம் முழுக்க டாக்டர் எக்ஸ்ரே கதிரைத் தடுக்கிற கனமான லெட் ஏப்ரனை மாட்டிக்கிட்டு நிக்கணும், முதுகுவலி இல்லாத சீனியர் கார்டியாலஜிஸ்ட்டைக் காட்டுங்க பாப்போம்! 1977 செப்டம்பர்ல சுவிட்சர்லாந்து சூரிச்ல ஆண்ட்ரியாஸ் குருன்ட்சிக்ங்கிற டாக்டர் பலூன் விட்டு அடைப்பை விரிச்சுக் காட்டுறதுக்கு முன்னாடி இதய ரத்தக்குழாய் அடைப்புக்கு மாத்திரை, இல்லன்னா ஆபரேஷன், அவ்வளவுதான் வழி.

சுகர் இருந்து மூணு குழாய்லயும் அடைப்புன்னா பெரும்பாலும் பைபாஸ்தான் நல்லது. அதனால சர்ஜன்கிட்ட அனுப்புறாரேன்னு சந்தேகப்படாதீங்க, ரெண்டு பேரும் சேந்து உக்காந்து முடிவு பண்றதுதான் சரியான முறை.

கேள்வி: ஸ்டென்ட் வெச்சு நாலு மாசம் ஆச்சு. பல்லு பிடுங்கணும், ரத்தம் நிக்காதுன்னு பிளட் தின்னரை அஞ்சு நாள் நிறுத்தச் சொல்றாங்க. நிறுத்தலாமா சார்?
- வாசகர், திண்டுக்கல்

பதில்: ஸ்டென்ட் வெச்ச டாக்டரைக் கேக்காம ஒரு வேளை கூட நிறுத்தாதீங்க. அட்டாக்குக்கு ஸ்டென்ட் வெச்சிருந்தா ஆஸ்பிரின் கூட குளோபிடோக்ரல் இல்லன்னா டிகாக்ரிலார்னு ரெண்டு மாத்திரை வழக்கமா 1 வருஷம், அப்புறமும் ஒண்ணு தொடரும். உள்ள இருக்கிற கம்பி மேல குழாயோட உள்தோல் முழுசா மூடுறதுக்குள்ள மாத்திரையை விட்டா அங்கயே ரத்தம் உறைஞ்சு மறுபடி அட்டாக் வரலாம். பல்லு எடுத்த இடத்துல பஞ்சு வெச்சு அழுத்தி, தேவைன்னா ஒரு தையல் போட்டு ரத்தத்தை நிறுத்திடலாம். டிஸ்சார்ஜ் சம்மரி ஜெராக்ஸை எடுத்துட்டுப் போங்க, பல் டாக்டரை உங்க கார்டியாலஜிஸ்ட்கிட்ட போன்ல பேசச் சொல்லுங்க.

கேள்வி: நெஞ்செரிச்சல்னு போனேன், ஈசிஜி நார்மல்னு அனுப்பிட்டாங்க. அப்போ கேஸ்தானே?
- வாசகர், ஆம்பூர்

பதில்: ஒரு ஈசிஜி நார்மல்னா அட்டாக் இல்லைன்னு ஆயிடாது, ஆரம்பத்துல சில பேருக்கு அப்படித்தான் வரும். வலி திரும்பினா, வேர்த்துக் கொட்டினா, தாடைக்கோ கைக்கோ பரவினா சோடா குடிச்சுட்டு உக்காராம 108க்கு அடிங்க, மறுபடி ஈசிஜியும் ட்ரோபோனின்ங்கிற ரத்த டெஸ்ட்டும் எடுப்பாங்க. சுகர்காரங்களுக்கு வலியே இல்லாமலும் வரும், வெறும் மூச்சு வாங்கும். ஆஸ்பத்திரி தூரம்னா பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்க, 2023ல வந்த 'இதயம் காப்போம்' திட்டத்துல முதல் டோஸ் மாத்திரையை அங்கயே குடுத்து பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவாங்க.