பங்குதாரர் கூட்டத்தில் ப்ராக்ஸி வந்தால் கோரம் சேருமா?

தக்கலையில் உங்கள் குடும்ப முந்திரி ஆலை, பிரைவேட் லிமிடெட். பொதுக்கூட்டத்துக்கு நீங்கள் ஒருவர்தான் வந்தீர்கள், அண்ணன் ப்ராக்ஸி, அதாவது தனக்குப் பதிலாக ஓர் ஆளை, அனுப்பினார், தீர்மானம் செல்லுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

செல்லாது. தயவுசெய்து அதை மினிட்ஸ் புத்தகத்தில் ஏற்றிவிடாதீர்கள். 2013 கம்பெனிகள் சட்டத்தின் 103ஆம் பிரிவுப்படி 2 உறுப்பினர்கள் நேரில் இருக்க வேண்டும். இதுதான் கோரம், கூட்டம் நடக்கத் தேவையான குறைந்தபட்ச ஆள் எண்ணிக்கை. ப்ராக்ஸி அந்தக் கணக்கில் சேராது. அரை மணி நேரத்தில் ஆள் சேராவிட்டால், கூட்டம் அடுத்த வாரம் அதே கிழமை, அதே நேரம், அதே இடத்துக்குத் தள்ளிப்போகும்.

அப்புறம் வாக்கு. கை தூக்கினால் ஆளுக்கு ஒன்றுதான், 60 சதவீதம் பங்கு வைத்திருப்பவருக்கும். ப்ராக்ஸி கை தூக்க முடியாது. பங்குக் கணக்கில் வாக்கெடுப்பு வேண்டுமென்றால், பத்தில் ஒரு பங்கு வாக்குரிமை உள்ளவர் கேட்கலாம். உங்கள் கம்பெனியின் சங்க விதிகள் (ஆர்ட்டிகிள்ஸ், கம்பெனியின் உள் விதிகள்) இவற்றை மாற்றியிருக்கலாம். முதலில் அதைப் புரட்டிப் பாருங்கள்.