பூஞ்சைத் தொற்றில் கிரானுலோமா ஏன் உருவாகிறது?

நோய் எதிர்ப்புச் செல்கள் நெருக்கமாகத் திரண்டு உருவாக்கும் சிறு முடிச்சுதான் கிரானுலோமா. ஹிஸ்டோபிளாஸ்மா போன்ற சில பூஞ்சைகளை மேக்ரோபேஜ் என்ற நோய் எதிர்ப்புச் செல்கள் விழுங்கிவிடும். ஆனால் கொல்லத் திணறும். கில்லாடிப் பூஞ்சை, விழுங்கிய செல்லுக்குள்ளேயே பெருகும்! சரி, அழிக்க முடியாவிட்டாலும் பரவாமல் தடுக்கலாமே. டி செல்கள் என்ற வேறு வகை நோய் எதிர்ப்புச் செல்கள் இன்டர்ஃபெரான் காமா என்ற ரசாயனத்தைச் சுரந்து மேக்ரோபேஜ்களை முடுக்கிவிட, அவை பூஞ்சையைச் சுற்றி ஒன்றோடொன்று ஒட்டி நிற்கும். அணையாத காட்டுத்தீயைச் சுற்றித் தடுப்புக்கோடு வெட்டுவது போல.

இந்த வேலைக்கு டி செல்கள் தொடர்ந்து தேவை. அதனால்தான் எச்ஐவி முற்றி டி செல்கள் குறைந்தவர்களுக்கு அடங்கிக் கிடந்த தொற்று மறுபடி கிளம்பலாம்.

அப்புறம், நுரையீரல் ஸ்கேனில் கிரானுலோமா தெரிந்தாலே காசநோய் என்று பலர் நினைக்கிறார்கள். எப்போதோ வந்து ஆறிய பூஞ்சைத் தொற்றின் மிச்சமாகவும் அது இருக்கலாம்.