10 டாலர் ரேட் போட்டால் கைக்கு எவ்வளவு வரும்? ஆன்லைன் டியூஷன் கமிஷன் கேள்வி-பதில்

ஆன்லைனில் பாடம் எடுப்பவர்களிடமிருந்து வந்த கேள்விகளில் முக்கால்வாசி பணத்தைப் பற்றியவைதான். ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். தளங்கள் கமிஷனை அடிக்கடி மாற்றும், அதனால் சேருவதற்கு முன்னால் விதிமுறைப் பக்கத்தை ஒரு தடவை படித்துவிடுங்கள்.

ப்ரெப்ளி என்ற ஆன்லைன் டியூஷன் தளத்தில் வெளிநாட்டுப் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். மணிக்கு 10 டாலர். முதல் மாதம் பாடம் எடுத்த நேரத்தோடு ஒப்பிட்டால் வந்த பணம் பாதிகூட இல்லை. கமிஷன் 33% தானே? (கோவை வாசகி)

33% சரிதான், ஆனால் அது இரண்டாவது கிளாஸிலிருந்து தொடங்குகிற கணக்கு. ஒவ்வொரு புது மாணவரின் ட்ரையல் கிளாஸுக்கும் அங்கே கமிஷன் 100%. மாணவர் பணம் கட்டுவார், நீங்கள் பாடம் எடுப்பீர்கள், உங்களுக்கு ஒரு பைசா வராது.

ட்ரையலுக்கு வருகிறவர்கள் எல்லோரும் தொடரப் போவதில்லை. மூன்று பேர் வந்து ஒருவர் சேர்ந்தார், அவரும் மூன்று கிளாஸோடு நிறுத்திவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் உழைத்தது 6 மணி நேரம், வந்தது கிளாஸுக்கு 6.70 வீதம் 20 டாலர் 10 சென்ட், அதாவது மணிக்கு 3.35. உங்கள் 'பாதிகூட இல்லை' இங்கேதான் இருக்கிறது. அதே பிள்ளை 20 கிளாஸ் தொடர்ந்திருந்தால் 23 மணி நேரத்துக்கு 134 டாலர், மணிக்கு 5.80 சொச்சம்.

எல்லா மாணவர்களுக்கும் சேர்த்து நீங்கள் எடுத்த பாடம் 20 மணி நேரம் தாண்டினால் கமிஷன் 28% ஆகும், 50 தாண்டினால் 25%, 200 தாண்டினால் 22%, 400 தாண்டினால் 18%. வாரத்துக்கு 10 மணி நேரம் எடுத்தால் அந்தக் கடைசிப் படியைத் தொட 40 வாரம் ஆகும். எல்லோரும் அந்த 18 சதவீதத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், ஆனால் 33-லிருந்து 18-க்கு இறங்கினால் 10 டாலரில் உங்களுக்குக் கூடுதலாக வருவது ஒன்றரை டாலர்தான், மூன்று கிளாஸில் போகிற பிள்ளையை 20 கிளாஸ் தக்க வைத்தால் வரும் வித்தியாசமோ மணிக்கு ஏறக்குறைய இரண்டரை டாலர். ஆகவே ட்ரையலுக்கு முன்பே மெசேஜில் கேளுங்கள்: பிள்ளைக்கு என்ன வயது, வீட்டில் தமிழ் பேசுவார்களா, எழுதப் படிக்க வேண்டுமா அல்லது ஊருக்கு வரும்போது பாட்டியோடு பேசினால் போதுமா? ட்ரையல் முடியும்போது அடுத்த பத்து கிளாஸில் என்ன நடக்கும் என்று அம்மா அப்பாவிடம் சொல்லிவிடுங்கள். இதைச் செய்யாமல் ஒரு மணி நேரம் 'அ, ஆ' பாடி முடித்துவிட்டு, அவர்கள் ஏன் திரும்பி வரவில்லை என்று கேட்பதில் பயனில்லை.

அப்படியானால் ரேட்டை 33% ஏற்றிவிட்டால் சரியாகிவிடுமா?

ஆகாது. 10 டாலரை 13.30 ஆக்கினால் கைக்கு வருவது 8.91 தான், ஏனென்றால் கமிஷன் ஏற்றிய தொகைக்கும் சேர்த்துத்தான் பிடிக்கப்படும். 10 டாலர் கைக்கு வர வேண்டுமானால் 10-ஐ 0.67-ஆல் வகுக்க வேண்டும், ஏறக்குறைய 15 டாலர். 25% படியில் இருப்பவர் 0.75-ஆல் வகுக்கட்டும், 13.33 வரும். ரிவ்யூ எதுவும் இல்லாத ப்ரொஃபைலில் 15 போட்டால் யார் வருவார்கள் என்பது வேறு கேள்வி. முதல் 20 மணி நேரத்தைக் குறைந்த ரேட்டில் ஓட்டிவிட்டு, அதற்குப் பிறகு வரும் புது மாணவர்களுக்கு ஏற்றுங்கள் என்பேன்.

ஆறு மாதமாகப் படிக்கும் மாணவியின் அம்மா, "வாட்ஸ்அப்பில் எடுங்கள் மேடம், அந்த கமிஷனை நாம் பிரித்துக்கொள்ளலாம்" என்கிறார். செய்யலாமா?

அவர் கேட்பதில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். கல்யாணத் தரகருக்கு ஒரு தடவை கமிஷன் கொடுத்தால் கணக்கு முடிந்தது, இங்கே தரகர் வருடக்கணக்கில் கூடவே பந்தியில் உட்காருகிறார்.

ஆனாலும் செய்யாதீர்கள். இப்படி வெளியே கூட்டிப்போவதைத் தளத்தின் விதிகள் தடுக்கின்றன, பிடிபட்டால் கணக்கை மூடுவார்கள். போவது ஒரு மாணவி இல்லை, நீங்கள் சேர்த்த ரிவ்யூ, மணிக்கணக்கு, மற்ற மாணவர்கள் எல்லாம் சேர்ந்து போகும். வெளியே போனபின் அந்த அம்மா இரண்டு மாதம் ஃபீஸ் தராவிட்டால் யாரிடம் போய்க் கேட்பீர்கள்?

நேர்மையான வழி வேறு இருக்கிறது. தெரிந்தவர்கள் மூலமாக வரும் பிள்ளைகளை ஆரம்பத்திலிருந்தே நேரடியாக எடுத்துக்கொள்ளுங்கள். நாத்தனாரின் பக்கத்து வீட்டுப் பிள்ளையைத் தளம் வழியாக வரச்சொல்லி அதற்கும் கமிஷன் கொடுக்கும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள், கேட்டால் "ரிவ்யூ வரும்" என்பார்கள். ஒன்றிரண்டு பேருக்குச் சரி, அதற்கு மேல் வேண்டாம்.

கமிஷனே இல்லாத தளங்கள் இருக்கிறதாமே?

இருக்கின்றன, ஆனால் காசு வேறு பக்கம் போகும். சூப்பர்ப்ரொஃப் ஆசிரியர் ஃபீஸில் கை வைப்பதில்லை, ஆசிரியரைத் தொடர்புகொள்வதற்கு மாணவரிடம் மாதச் சந்தா வாங்குகிறது, அதனால் சும்மா விசாரிக்க வருகிறவர்கள் அந்த வாசலிலேயே திரும்பிவிடுவார்கள். நம் நாட்டு அர்பன்ப்ரோவில் விசாரணைக்குப் பதில் சொல்லவே 'காயின்' செலவாகும், காயினை நீங்கள் வாங்க வேண்டும். பத்து விசாரணைக்குச் செலவழித்து ஒருவர் சேர்ந்தால், பத்துக்கும் ஆன செலவு அந்த ஒருவர் கணக்கில். அவர் ஒரு வருடம் படித்தால் லாபம்தான், பரீட்சைக்கு முந்தைய மாதம் மட்டும் வருகிறவர் என்றால் நஷ்டம்.

நியூ ஜெர்சியில் வைசன்ட் தளம் மூலம் கணக்குப் பாடம் எடுக்கிறேன். 25% பிடிக்கிறார்கள், அது தெரியும். ஆனால் மாணவர்கள் நான் சொன்ன ரேட்டைவிடக் கூட வருகிறது என்கிறார்களே?

மாணவரிடமும் தனியாக 9% சேவைக் கட்டணம் வாங்குகிறார்கள். உங்கள் ரேட் 40 டாலர் என்றால் அவர் கொடுப்பது 43.60, உங்களுக்கு வருவது 30. மாணவர் கொடுத்ததில் தளத்தின் பங்கு 31% சொச்சம். பக்கத்து ஆசிரியரோடு ரேட்டை ஒப்பிடும்போது மாணவர் கடைசியில் கட்டும் தொகையைப் பாருங்கள், அவர் பார்ப்பது அதைத்தான்.

ஒரு கம்பெனி மணிக்கு 250 ரூபாய் தருகிறது, பெற்றோரிடம் 700 வாங்குவதாகக் கேள்விப்பட்டேன். வயிறு எரிகிறது. (திருச்சி)

எரியும்தான். ஆனால் பிள்ளையைத் தேடிப் பிடிப்பது, ஃபீஸ் வசூல், டைம்டேபிள் எல்லாம் அவர்கள் தலையில். மாதம் 80 மணி நேரம் தவறாமல் தருகிறார்கள் என்றால் 20,000 நிச்சயம், தனியாக 500 ரூபாய்க்கு 30 மணி நேரம் கிடைத்தால் 15,000. மணி நேரமும் நிச்சயமில்லை, ரேட்டும் 250 என்றால் வெளியே வாருங்கள். டெமோ கிளாஸுக்கும் பிள்ளை வராத கிளாஸுக்கும் பணம் உண்டா என்பதை எழுத்தில் கேளுங்கள். கேட்டபிறகுதான் உண்மையான ரேட் தெரியும்.

இன்னொன்று. கம்பெனி தொழில்முறைக் கட்டணம் என்று 10% டி.டி.எஸ். (முன்கூட்டியே பிடிக்கும் வருமான வரி) பிடித்தால் அது கமிஷன் அல்ல. உங்கள் பான் எண்ணில் வரவாகும், ரிட்டர்ன் போட்டால் வரி போக மிச்சம் திரும்பி வரும். ரிட்டர்ன் போடாமல் விட்டுவிடுகிறவர்கள் ஏராளம்.

பேபாலில் வரும்போது ரூபாய் குறைகிறது. ஏன்?

டாலரை அவர்களே ரூபாயாக்கி அனுப்புகிறார்கள், சந்தை விலைக்குக் கீழே. பணம் வந்த அன்றைய டாலர் விலையை கூகுளில் பார்த்து, வந்த ரூபாயோடு ஒரே ஒரு மாதம் ஒப்பிடுங்கள், எத்தனை சதவீதம் போகிறது என்று தெரிந்துவிடும். தளம் வேறு வழிகளும் தந்தால், ஒரே தொகையை இரண்டு வழியிலும் எடுத்துப் பாருங்கள். ஒவ்வொரு தடவையும் இவ்வளவு என்று கட்டணம் இருக்கும் வழியில் வாராவாரம் 30 டாலர் எடுக்காதீர்கள், மாதம் ஒரு முறை போதும்.

கமிஷன் போக வந்ததை மட்டும் வருமானமாகக் காட்டலாமா? ஜி.எஸ்.டி. உண்டா?

மாணவர் உங்களுக்காகக் கொடுத்த முழுத் தொகையை வரவாகவும் கமிஷனைச் செலவாகவும் காட்டுவதுதான் சரி. இந்தியத் தளங்கள் பிடிக்கும் டி.டி.எஸ். முழுத் தொகை மீதுதான் (மேலே சொன்ன 10% வேறு, இது வேறு; 2024 அக்டோபர் 1 முதல் அது 1 சதவீதத்திலிருந்து 0.1 ஆகிவிட்டது), அதனால் வரித்துறையிடம் இருக்கும் கணக்கில் பெரிய எண்தான் இருக்கும், நீங்கள் சிறிய எண்ணைக் காட்டினால் நோட்டீஸ் வரலாம். ஜி.எஸ்.டி. பதிவுக்கு வருட வரவு 20 லட்சம் தாண்ட வேண்டும், அதையும் கமிஷனுக்கு முந்தைய தொகையில் பாருங்கள். வெளிநாட்டு மாணவர்கள் நிறைய இருந்து அந்த எல்லையை நெருங்கினால் ஏற்றுமதி சேவைக்கு வேறு விதி, அப்போது ஆடிட்டரிடம் போங்கள். கமிஷன் ரசீதுகளை மாதாமாதம் டவுன்லோட் செய்துவையுங்கள், கணக்கு மூடப்பட்டால் அவை திரும்பக் கிடைக்காமல் போகலாம்.