மஞ்சள் நீராட்டு வீடியோ: ஒரு கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்கா,

தண்டையார்பேட்டையிலிருந்து எழுதுகிறேன். போன மாதம் என் அண்ணன் மகளுக்கு மஞ்சள் நீராட்டு விழா நடந்தது. எட்டாவது படிக்கிறாள். மண்டபம், ஃப்ளெக்ஸ், எல்.இ.டி. திரை என்று அண்ணன் கடன் வாங்கிக் குறையில்லாமல் செய்தார். இப்போது ஸ்டூடியோக்காரர் ஹைலைட்ஸ் வீடியோவை அவள் பெயரைப் போட்டு யூட்யூபில் ஏற்றியிருக்கிறார். வகுப்புப் பையன்கள் பார்த்துவிட்டுக் கிண்டல் செய்ததில், பள்ளிக்கே போகமாட்டேன் என்று உட்கார்ந்திருக்கிறாள். அண்ணனோ, "ஊர்ல நடக்காததா, நாலு பேருக்குத் தெரியத்தானே விழா வைக்கிறோம்" என்கிறார். எனக்கும் இரண்டு வயதில் மகள் இருக்கிறாள். பயமாக இருக்கிறது. இனிமேல் படமே எடுக்கக் கூடாதா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள தங்கைக்கு,

முதலில் அந்த வீடியோவை யூட்யூபிலிருந்து எடுக்க வைக்கிற வேலையைப் பார்ப்போம், மற்றதை அப்புறம் பேசலாம். லிங்க்கை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், ஸ்க்ரீன்ஷாட்டும் எடுங்கள். ஸ்டூடியோவுக்கு அண்ணனே போன் செய்யட்டும், பணம் கொடுத்தவர் பேசினால் கேட்பார்கள். அவர்கள் இதை ஏற்றுவது அடுத்த ஆர்டர் பிடிக்கத்தான் என்பதால் சண்டைக்கு நிற்கமாட்டார்கள் என்றுதான் நினைக்கிறேன். யூட்யூபோடு விடாமல் இன்ஸ்டாகிராம் ரீல், பேஸ்புக் பக்கம், வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ், கடையில் சாம்பிளுக்கு ஓட்டுகிற டிவி எல்லாவற்றையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். மறுத்தால் யூட்யூபிலேயே தனியுரிமைப் புகார் கொடுக்க வழி இருக்கிறது, பிள்ளைக்காகப் பெற்றோர் கொடுக்கலாம். ஏற்றியவருக்கு 48 மணி நேரம் அவகாசம் கொடுத்துவிட்டு, அதற்கும் எடுக்கவில்லை என்றால் யூட்யூபே பார்த்து முடிவு செய்யும். கூகுள் தேடலில் அவள் படம் வந்தால், 18 வயதுக்குக் கீழே உள்ளவரின் படத்தை நீக்கக் கேட்கும் வசதி 2021இலிருந்து இருக்கிறது. ஆனால் அது தேடலிலிருந்துதான் போகும், படம் அதே பக்கத்தில் அப்படியே இருக்கும், அதனால் ஏற்றிய இடத்தில் எடுப்பதுதான் முதல் வேலை.

சரி, அண்ணன் சொல்வதற்கு வருகிறேன். மண்டபத்துக்கு வந்தவர்கள் சந்தனம் வைத்து, மொய் எழுதி, பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டவர்கள். ஒவ்வொருவரையும் அவருக்குத் தெரியும், எவனாவது தப்பாகப் பார்த்தால் அங்கேயே சட்டையைப் பிடித்திருப்பார். யூட்யூபில் பார்க்கிறவன் யார், எந்த ஊர், எதற்காகத் திரும்பத் திரும்பப் பார்க்கிறான் என்று அவருக்குத் தெரியுமா? இது பிறந்தநாள் கேக் வெட்டுகிற படம்கூட இல்லை. ஒரு பிள்ளையின் உடம்பில் நடந்ததை அவள் முகத்தோடும் பெயரோடும் சொல்கிற வீடியோ. இந்த விழாவே வேண்டுமா என்பது வேறு விவாதம், எனக்கு அதில் அழுத்தமான கருத்து உண்டு, இப்போது அதை இழுக்கவில்லை. விழா வைத்தவர்களுக்கும் அதை ஊருக்கே திறந்துவிடாமல் இருக்க முடியும், அதைத்தான் சொல்கிறேன்.

ஃப்ளெக்ஸும் அப்படித்தான். நம் வடசென்னையில் தெருமுனைக்குத் தெருமுனை பார்க்கிறோம், நடுவில் பட்டுப்பாவாடையில் அந்தப் பெண், சுற்றிலும் தாய்மாமன், சித்தப்பா, ஏரியா நண்பர்கள் என்று வட்ட வட்டமாக முகங்கள், கீழே மண்டபமும் தேதியும் நேரமும். போகிற வருகிறவர்கள் போனில் எடுப்பார்கள். அந்த வழியாகத்தான் அவள் பள்ளிக்கும் போக வேண்டும். பெயரும் இடமும் மட்டும் போட்டு, நடுவில் குத்துவிளக்கோ அம்மன் படமோ வைத்தால் வருகிறவர்கள் வழி தெரியாமலா போய்விடுவார்கள்?

சட்டம் இருக்கிறதே என்று சிலர் கேட்பார்கள். 2023இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாத எல்லோரையும் குழந்தை என்கிறது, அவர்களின் தகவலைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்கிறது. அதன் விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன, முக்கியமான கடமைகள் நடைமுறைக்கு வர 18 மாத அவகாசமும் கொடுத்திருக்கிறார்கள். அதோடு, தனிப்பட்ட, வீட்டுத் தேவைக்குச் செய்வதற்கு இந்தச் சட்டம் பொருந்தாது. அதாவது பெரியம்மா ஸ்டேட்டஸ் வைத்தால் இந்தச் சட்டத்தைக் காட்டித் தடுக்க முடியாது, வீட்டுக்குள் நாமேதான் பேசிக்கொள்ள வேண்டும். ஸ்டூடியோவிடம் அட்வான்ஸ் கொடுக்கும்போதே, பிள்ளையின் படமோ வீடியோவோ எங்கேயும் போடக் கூடாது, சாம்பிளாகக் காட்டக் கூடாது என்று பில்லில் எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். படம் எடுப்பவர் ஒருவர், வீடியோ ஒருவர், ஆல்பம் டிசைன் செய்கிறவர் வேறு ஒருவர், பிரிண்ட் போடும் லேப் இன்னொன்று என்று நம் வீட்டுப் படங்கள் பல கை மாறுகின்றன. வாயால் சொன்னது கடைசிக் கை வரைக்கும் போகாது.

படமே எடுக்கக் கூடாதா என்று கேட்டிருக்கிறீர்கள். ஐயோ, நிறைய எடுங்கள்! இரண்டு வயதுப் பிள்ளை அடுத்த வருஷம் வேறு ஆளாக இருக்கும். எடுத்ததை பிரிண்ட் போட்டு பீரோவில் வையுங்கள், வருகிறவர்களுக்குக் கையில் கொடுத்துக் காட்டுங்கள். வெளியே ஒரு படம் போட்டுத்தான் ஆக வேண்டும் என்றால் அதைத் தனியாக, முகம் தெரியாமல் எடுங்கள். நலங்கு வைக்கும்போது எல்லா போட்டோகிராபரும் பிள்ளைக்கு நேர் எதிரே போய் நிற்பார்கள். அவள் முதுகுப் பக்கம் வந்து, தோளுக்கு மேலே கேமராவைப் பிடித்துப் பாருங்கள். முன்னால் பூ தைத்த ஜடை மங்கலாகத் தெரியும், அதற்கு அப்பால் சந்தனக் கிண்ணத்தோடு குனிகிற பாட்டியின் முகம், ஃபோகஸ் அங்கே. பாட்டி உதட்டைக் கடித்துக்கொண்டு, பேத்தி கன்னத்தில் கொஞ்சமும் வழிந்துவிடாமல் பூசுகிற அந்தக் கவனம் இருக்கிறதே, நேர் எதிரே நின்று எடுத்த எந்தப் படத்திலும் எனக்கு அது கிடைத்ததில்லை. மருதாணிக் கை, மணலில் பதிந்த சின்னக் கால், அப்பா தோளில் தூங்குகிற பின்னந்தலை, எல்லாமே உங்கள் பிள்ளைதான்.

முகத்தை மறைத்தால் போதும் என்றும் நினைக்காதீர்கள். யூனிஃபார்ம், கழுத்தில் தொங்கும் ஐடி கார்டு, பள்ளி வேனில் எழுதிய போன் நம்பர், பின்னால் தெருப்பலகை, இவை போதும் ஒருவனை வீட்டு வாசல் வரை கொண்டுவர. முகத்தைச் சுழல் போலத் திருகி விடுகிற ஃபில்டரை நம்ப வேண்டாம், அப்படித் திருகிய ஒரு குற்றவாளியின் முகத்தை ஜெர்மன் போலீஸ் நேராக்கிக் கொடுக்க, 2007இல் இன்டர்போல் வெளியிட்டது. மேலே முழுசாக ஒட்டி மறைப்பதோ வெட்டிவிடுவதோதான் சரி. வாட்ஸ்அப்பில் சாதாரணமாகப் படம் அனுப்பினால் எடுத்த இடத்தின் விவரம் போய்விடும், க்ளியராக இருக்கட்டும் என்று டாக்குமெண்ட்டாக அனுப்பினால் அது கூடவே போகும். ஸ்டூடியோ கொடுக்கிற டிரைவ் லிங்க்கையும் பாருங்கள், லிங்க் வைத்திருக்கும் யாரும் திறக்கலாம் என்றிருந்தால் மாற்றச் சொல்லி, படங்களை இறக்கிக்கொண்டு லிங்க்கை நீக்கச் சொல்லுங்கள்.

எனக்கு உங்கள் அண்ணன் மகளைப் பற்றித்தான் கவலை. "இதுக்குப் போய் அழுவியா" என்று யாரும் அவளிடம் சொல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அவள் முன்னாலேயே அண்ணன் ஸ்டூடியோவுக்குப் போன் போட்டு, "என் பொண்ணுக்குப் பிடிக்கலை, எடுத்துடுங்க" என்று சொன்னால் ரொம்ப நல்லது. அப்பா தன் பக்கம் நிற்கிறார் என்று அவளுக்குத் தெரிய வேண்டும். ஆல்பம் டிசைனுக்குப் போகவில்லை என்றால் செலக்ஷனை அவளிடமே விடுங்கள், அவள் வேண்டாம் என்று தள்ளும் படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் போகட்டும். குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் இருப்பதையும் அழிக்கச் சொல்லி நீங்களே ஒரு வாய்ஸ் மெசேஜ் போடுங்கள், அத்தை சொன்னால் தட்டமாட்டார்கள். அண்ணியும் நீங்களும் போய் வகுப்பாசிரியரைப் பாருங்கள். அந்தப் பையன்களை அவள் எதிரே நிறுத்தி மன்னிப்புக் கேட்க வைக்க வேண்டாம், அது அவளுக்கு இன்னொரு மேடையாகிவிடும், ஆசிரியர் அவர்களிடம் தனியாகப் பேசட்டும். யாராவது அந்த வீடியோவிலிருந்து அவள் படத்தை வெட்டி மாற்றி அனுப்பினாலோ, அதை வைத்து மிரட்டினாலோ தாமதிக்காமல் குழந்தைகள் உதவி எண்ணான 1098க்குக் கூப்பிடுங்கள், தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலும் பதிவு செய்யுங்கள்.

வீடியோவை எடுத்துவிட்டார்களா என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா