மூளைக்காய்ச்சல்: டாக்டரிடம் கேளுங்கள்

கூடலூர் செவிலியர்: ஜப்பானிய மூளைக்காய்ச்சலில் யாருக்கு உயிராபத்து என்று எதை வைத்துக் கணிப்பது, டாக்டர்?

பதில்: முதலில் நினைவு. அதை அளக்கும் கிளாஸ்கோ மதிப்பெண் 3 முதல் 15 வரை. 8 அல்லது அதற்குக் கீழே போனால் மூச்சுப்பாதை ஆபத்தில் என்று எடுத்துக்கொள்ளுங்கள். மொத்தத்தை மட்டும் எழுதி அனுப்பாதீர்கள். கண், பேச்சு, கை அசைவு மூன்றும் தனித்தனியாக வேண்டும். காலையில் நகத்தில் பேனாவை அழுத்தியதும் கையை இழுத்துக்கொண்டவர், மாலையில் அதே கையை விறைத்து நீட்டினால், அந்த இறக்கம்தான் கெட்ட சேதி. அப்புறம் நிற்காத வலிப்பு, தாறுமாறான மூச்சு, வெளிச்சத்துக்குச் சுருங்காத கண்பாவை, விழுகிற ரத்த அழுத்தம், குறைகிற ஆக்சிஜன். இவற்றில் சிலவற்றை நாம் சரிசெய்ய முடியும், கணிப்பதே அதற்காகத்தான். வலிப்புக்கு மிடசோலம் (தூக்கமும் வரவழைக்கும் மருந்து) போட்ட பிறகு எடுத்த மதிப்பெண் பாதி மருந்துடையது. ஊசி போட்ட நேரத்தையும் பக்கத்தில் எழுதுங்கள்.

கோத்தகிரி வாசகி: அண்ணனுக்கு 7 என்கிறார்கள். பிழைக்க எத்தனை சதவீதம், டாக்டர்?

பதில்: இந்தக் காய்ச்சலில் மூளை பாதித்தவர்களில் 100க்கு 30 பேர் வரை இறக்கலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அது கூட்டத்தின் கணக்கு அம்மா, உங்கள் அண்ணன் எந்தப் பக்கம் என்று அது சொல்லாது. வார்டு டாக்டரிடம் சதவீதம் கேட்காமல், "நேற்றைவிட இன்று எப்படி?" என்று கேளுங்கள். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள்.

குன்னூர்: மாமாவுக்கு 9. எத்தனை சதவீதம்?

பதில்: கோத்தகிரி வாசகிக்கு மேலே சொன்ன பதிலைப் படியுங்கள்.

ஊட்டி: நிலவேம்புக் கஷாயம் கொடுக்கலாமா?

பதில்: மயக்கத்திலா? கூடவே கூடாது. கஷாயமோ காபியோ, நுரையீரலுக்குள் போய்விடும்.

ஊட்டி: இங்கே குளிர். எங்களுக்கு வராதுதானே?

பதில்: இதைப் பரப்பும் கொசு நெல்வயல் தண்ணீரில் பெருகுவது. கூடலூர்ப் பக்கம் வயல் உண்டே! சமவெளிக்குப் போய்வராதவர் யார்? கடித்து 4 முதல் 14 நாள் கழித்துத்தான் காய்ச்சல் வரும். போய்வந்த ஊரை டாக்டரிடம் சொல்லுங்கள்.

கூடலூர் விவசாயி: பன்றிகளை ஒழித்தால் தீர்ந்தது சார்.

மஞ்சூர்: அப்போ கொக்கு? அதையும் சுடுவீங்களா?

பதில்: சண்டை வேண்டாம். வைரஸ் பன்றியிலும் பெருகும், கொக்கு நாரையிலும் பெருகும். கொக்கை எங்கே போய் ஒழிப்பது? பன்றிப் பட்டியை வீட்டுக்குத் தள்ளி வையுங்கள், குழந்தைக்குத் தடுப்பூசி போடுங்கள். நோயாளியைக் கடித்த கொசுவால் உங்களுக்கு வராது, மனித ரத்தத்தில் வைரஸ் அவ்வளவு சேராது. அதனால் பக்கத்துப் படுக்கைக்காரரை விரட்டாதீர்கள்.

கூடலூர் விவசாயி: காட்டுப்பன்றி?

பதில்: அதை வனத்துறையிடம் கேளுங்கள் ஐயா.

குன்னூர் ஆம்புலன்ஸ் ஊழியர்: கோவைக்கு எப்போது இறக்குவது, சார்?

பதில்: மதிப்பெண் சரியத் தொடங்கினாலே கிளம்ப ஏற்பாடு செய்யுங்கள். ஆனால் கிளம்பும் முன் சர்க்கரை பாருங்கள், வலிப்பை அடக்குங்கள், மூச்சுக்கு உதவும் குழாய் தேவைப்படும் என்று தோன்றினால் மலையிலேயே போடச் சொல்லுங்கள். கொண்டை ஊசி வளைவில் ஆடுகிற வண்டிக்குள் யாராலும் போட முடியாது.